ஆறு கொடுப்பது வண்டல், அதை மண்ணாக்குவது புல்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆற அமர இருக்கும்போது படியுங்கள். நேரமில்லாதவர்கள் கடைசியில் இருக்கும் நான்கு வேண்டுகோளையாவது பார்த்துவிடுங்கள்.

வைப்பாற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து, என்னிடம் படித்த தம்பி ஒருவர் போனில் கூப்பிட்டார். ஆற்றை ஒட்டி அவர்கள் ஊருக்கு ஒரு மேய்ச்சல் தரை இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் ஏறும். தை மாசியில் புல் நிற்கும். ஊர் ஆடு மாடெல்லாம் அங்கேதான். "டீச்சர், அது சும்மா கெடக்கிற தரிசுதானாம். மேல்மண்ணை வழிச்சு எடுத்துட்டு மரக்கன்னு வைக்கப் போறதா பேச்சு. மரம் நல்லதுதானே, நீ ஏன் தடுக்கேன்னு கேக்காங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை" என்றார்.

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இதே பேச்சு பல ஊர்களில் நடக்கிறது.

நான் முடித்தது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம். மண்ணியல் படித்தவள் கிடையாது. ஆனால் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு மண்ணின் வகைகள் பாடம் எடுத்தவள். அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் தேடியே கொஞ்சம் படித்துக்கொண்டேன். அந்த அளவில் சொல்கிறேன்.

வண்டல் வேறு, மண் வேறு

வண்டல் மண், கரிசல் மண், செம்மண், சரளை மண் என்று பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஆற்றுச் சமவெளியில் இருப்பது வண்டல் மண், அதை ஆறு கொண்டுவந்து போட்டது. பரீட்சைக்கு அது போதும். ஒரு வருஷம் ஒரு பயல் எழுந்து கேட்டான்: "டீச்சர், ஆத்து மணலும் ஆறு கொண்டுவந்ததுதானே? அதுல ஏன் கத்தரிக்காய் காய்க்க மாட்டேங்குது?"

முழுப் பாடமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆழ்வார்திருநகரி பக்கமெல்லாம் நெல்லும் வாழையும் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு பல வயல்களில் மணல் மேடு தட்டிக் கிடந்தது. புத்தகப்படி பார்த்தால் ஆறு "புது வண்டல்" கொண்டுவந்து போட்டிருக்கிறது. விவசாயி சந்தோஷப்பட்டாரா? அந்த மணலை எப்படி அள்ளி வெளியேற்றுவது என்றுதான் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

ஆறு கொண்டுவருவது வெறும் சரக்கு. அந்தச் சரக்கு மண்ணாக மாறுவதற்கு வேறு ஆள் வேலை செய்ய வேண்டும்.

முதலில் ஆறு சரக்கை எப்படிப் பிரித்துப் போடுகிறது என்று பார்ப்போம். வகுப்பில் நான் செய்து காட்டுவது இது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசி மண், மிச்சம் தண்ணீர். மூடிக் குலுக்கி மேஜையில் வையுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் மணல் அடியில் உட்கார்ந்துவிடும். அதன் மேல் மாவு போன்ற நுண்மண் படிய சில மணி நேரம் ஆகும். களி மட்டும் மறுநாள் வரை தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும்.

வெள்ளமும் இதையேதான் செய்கிறது. கரை தாண்டியதும் வேகம் குறைகிறது. கனமான மணலைக் கரை ஓரத்திலேயே போட்டுவிடுகிறது. கொஞ்சம் தள்ளி நுண்மண். இன்னும் தள்ளி, தண்ணீர் நாள் கணக்கில் தேங்கி நிற்கும் பள்ளத்தில் களி. அதனால்தான் கரை ஓரம் மேடாகவும் மணல் கலந்தும் இருக்கும், உள்ளே போகப் போகத் தாழ்ந்து காலில் ஒட்டும் களியாகிவிடும். சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டை ஒட்டி இருக்கும் ஆழமில்லாத அகலமான நீர்நிலைகளைத் தருவை என்பார்கள். வைரவம் தருவை, புத்தன்தருவை என்று பெயர் கேட்டிருப்பீர்கள். எங்கள் ஊர்ப் பெயரிலேயே தருவையும் இருக்கிறது, குளமும் இருக்கிறது. தண்ணீர் பரவி நின்று வற்றும் இடங்களுக்கென்று தனியாகப் பெயர் வைக்கத் தெரிந்தவர்கள் நம் ஆட்கள்.

புல் செய்யும் வேலை

புதிதாகப் படிந்த சேற்றில் முதலில் வருவது புல். அருகம்புல், கோரை, கரை ஓரத்தில் நாணல், மேட்டில் கொழுக்கட்டைப் புல். இவற்றை யாரும் நடுவதில்லை.

புல் முதலில் செய்வது அடுத்த வெள்ளத்துக்கான வேலை. தண்ணீர் புல்லுக்குள் நுழைந்ததும் ஓட்டம் தடைபடும். ஓட்டம் குறைந்தால் கலங்கல் படியும். வெறும் தரையாக இருந்தால் அதே வெள்ளம் அங்கிருந்து மண்ணை எடுத்துக்கொண்டு போயிருக்கும். ஒரே தண்ணீர்தான், புல் இருந்தால் கொடுக்கிறது, இல்லாவிட்டால் எடுக்கிறது. சேறு மேலே மூடினாலும் அருகு சாகாது. கணு விட்டு, புதுச் சேற்றைத் துளைத்து மேலே வந்துவிடும்.

இரண்டாவது, வேர். மரத்தின் உடம்பு பெரும்பாலும் தரைக்கு மேலே. அதன் இலை மேலே விழுந்து மக்குகிறது. புல்லின் உடம்பில் பெரும்பங்கு தரைக்குக் கீழே. மயிர் போன்ற ஆயிரக்கணக்கான வேர்களில் ஒரு பங்கு ஒவ்வொரு வருஷமும் செத்து, அதே இடத்தில், மண்ணுக்குள்ளேயே மக்குகிறது. எருவைச் சுமந்து கொண்டுபோய் உள்ளே வைக்க ஆள் தேவையில்லை. அந்த மக்கலைத் தின்ன மண்புழுவும் கரையானும் நுண்ணுயிரும் வருகின்றன. அவை விடும் பசைதான் துகளோடு துகளை ஒட்டுகிறது. தூளாகக் கிடந்த வண்டல், கேழ்வரகு புட்டு மாதிரி உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. அந்த உருண்டைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியில் காற்றும் தண்ணீரும் தங்குகின்றன. இந்தத் திரட்சி வந்த பிறகுதான் அதை மண் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, தண்ணீர் ஏறி இறங்குவதன் தடம். தண்ணீர் தேங்கினால் மண்ணுக்குள் காற்று இருக்காது. அப்போது மண்ணில் உள்ள இரும்பு கரைந்து நிறம் வெளுத்துச் சாம்பலாகும். தண்ணீர் இறங்கியதும் வேர் போன பாதை வழியாகக் காற்று உள்ளே போகும். அந்தப் பாதையை ஒட்டி மட்டும் இரும்பு துருப்பிடிக்கும். படுகை மண்ணை வெட்டிப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் காவி நூல் ஓடியது மாதிரி இருப்பது இதனால்தான். பல வருஷம் முன்னால் செத்த புல்வேரின் கையெழுத்து அது.

ஒரு மீட்டர் குழியில் என்ன தெரியும்?

மண் என்பது பாறைப் பொடி மட்டும் இல்லை, காலநிலை, உயிர்கள், நிலத்தின் மேடு பள்ளம், அடிப்பொருள், காலம் எல்லாம் சேர்ந்து உருவாக்கும் ஒன்று என்று சொன்னவர் ரஷ்ய அறிஞர் தொக்குசாயேவ். 1883-இல் அவர் எழுதிய புத்தகம் ரஷ்யப் புல்வெளியின் கருப்பு மண்ணைப் பற்றியது. அந்த மண்ணுக்குச் செர்னோசெம் என்று பெயர். ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் வரைகூடக் கருப்பாக இருக்கும். பல ஆயிரம் வருஷப் புல்வேரின் மக்கல்தான் அந்தக் கருப்பு. இன்று உலகம் முழுக்கக் கோதுமை விளையும் பெரிய நிலங்கள் பல இப்படிப் புல் செய்து வைத்த மண்தான்.

நம் கரிசலும் கருப்புதானே என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியும் வகுப்பில் வரும். கரிசலின் கருப்புக்குக் காரணம் மக்கல் மிகுதி இல்லை. அதில் உள்ள ஒருவகைக் களியும், அதோடு ஒட்டிய கொஞ்சம் மக்கலும் சேர்ந்து தரும் நிறம் அது. நம் பக்கம் கரிசல் காட்டு விவசாயிக்கு வரும் மண்வள அட்டையைப் பாருங்கள். கரிமம் என்ற இடத்தில் பல நேரம் "குறைவு" என்றுதான் இருக்கும். 0.5 சதவீதத்துக்குக் கீழே போனால் குறைவு, 0.75-க்கு மேலே போனால் அதிகம் என்பது கணக்கு. கருப்பாக இருப்பதெல்லாம் செழிப்பு என்று நினைத்துவிடக் கூடாது.

அமெரிக்க வேளாண்மைத் துறை 1975-இல் வெளியிட்ட மண் வகைப்பாட்டை நம் நாட்டிலும் பின்பற்றுகிறார்கள். நாக்பூரில் உள்ள தேசிய மண் ஆய்வு மற்றும் நிலப் பயன்பாட்டுத் திட்ட நிறுவனம் 1976 முதல் அந்த வேலையைச் செய்கிறது. பெயர்கள் வாயில் நுழையாது, ஆனால் கருத்து எளிது. குழி வெட்டி, அடுக்குகளைப் பார்த்து, இந்த மண் எந்த வயதில், எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வதுதான் அது.

நேற்று படிந்து, இன்னும் அடுக்கு எதுவும் உருவாகாத மண் என்டிசால். பிறந்த குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரட்சி வரத் தொடங்கி, நிறம் மாறத் தொடங்கியது இன்செப்டிசால். வளரும் பிள்ளை. களி மிகுந்து, கோடையில் கால் நுழையும் அளவு வெடித்து, மழையில் உப்பி மூடிக்கொள்ளும் கரிசல் வகை வெர்டிசால். வெடிப்புக்குள் மேல்மண் விழும், மழையில் உப்பி மேலே தள்ளும். அதனால் இதைத் தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்பார்கள். செர்னோசெம் போலப் புல் ஆழமாகக் கருப்பாக்கிய மண் மாலிசால். இது நம் நாட்டில் குறைவு. உத்தராகண்டில் இமயமலை அடிவாரத் தராய் பகுதியில், பந்த்நகர் பக்கம் இருக்கிறது. ஈரமும் உயரமான புல்லும் சேர்ந்து உருவாக்கியது. அங்கேயும் அழித்து உழத் தொடங்கிய பிறகு கரிமம் குறைந்துகொண்டே வருகிறது.

ஆற்றுப் படுகை மண்ணுக்கு இந்த வகைப்பாட்டில் ஓர் அழகான அடையாளம் இருக்கிறது. சாதாரண நிலத்தில் மேலே கரிமம் அதிகம், கீழே போகப் போகச் சீராகக் குறையும். படுகையில் அப்படி இல்லை. குறையும், திடீரென்று கூடும், மறுபடி குறையும், மறுபடி கூடும். ஏன் தெரியுமா? கீழே கூடுகிற ஒவ்வொரு இடமும் ஒரு காலத்தில் மேல்தரையாக இருந்தது. அங்கே புல் நின்றது. வெள்ளம் வந்து மூடியது. அதன் மேல் மறுபடி புல் நின்றது. இந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே ஃபுளூவென்ட் என்று ஒரு பிரிவைப் பிரிக்கிறார்கள். ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் வழி வந்த வகைப்பாட்டில் இதற்குப் பக்கத்தில் வருவது ஃபுளூவிசால்.

ஒரு மீட்டர் குழியில் ஊரின் வெள்ளக் கணக்கு முழுதும் அடுக்கி வைத்திருக்கிறது. "சும்மா கிடக்கிற தரிசு" என்று சொல்லும் தரையின் கதை இது.

மூன்று பேர் வைத்த பெயர்கள்

அப்படியானால் அதைத் தரிசு என்று சொன்னது யார்? இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும்.

நம் நிலத்துக்கு மூன்று பேர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் விவசாயி. கரிசல், செவல், வண்டல், களி, கரம்பை, பொட்டல், களர், உவர், படுகை. இங்கே என்ன விளையும், எப்போது ஏர் இறங்கும் என்பது அவருடைய கேள்வி. இன்னொருவர் மண் அறிவியல்காரர். இது எப்படிப் பிறந்தது என்பது அவருடைய கேள்வி.

நடுவில் ஒருவர் இருக்கிறார், வருவாய்த் துறை. ரயத்துவாரி நிலவரித் திட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் மண்ணைப் பிரித்தார்கள். கரிசல், செம்மண், மணல் என்று இனம், ஒவ்வொன்றிலும் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று ரகம். இன்றும் கிராம நிர்வாக அலுவலகத்தில் "அ" பதிவேட்டைப் பார்த்தால் "மண் வயனமும் ரகமும்" என்று ஒரு கட்டம் இருக்கும். பக்கத்தில் தரம், தீர்வை. உழைத்துச் செய்த வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களுடைய கேள்வி ஒன்றே ஒன்று: இதிலிருந்து எவ்வளவு வரி வாங்கலாம்?

வரி வராத இடத்துக்கு அந்தக் கணக்கில் என்ன பெயர்? தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு. மேய்ச்சல் புறம்போக்கு என்று எழுதி வைத்த இடமாவது கொஞ்சம் பாக்கியம் செய்தது. புல் நிற்கும் மற்ற இடமெல்லாம் தரிசுதான்.

தமிழில் தரிசு என்றால் உழாமல் கிடக்கும் நிலம் என்று மட்டும்தான் அர்த்தம். நாளடைவில் அது "உதவாத நிலம்" என்று நம் காதில் விழத் தொடங்கிவிட்டது. மத்திய அரசு வெளியிடும் பாழ்நில வரைபடத் தொகுப்பிலும் புதர்க்காடும் நலிந்த மேய்ச்சல் நிலமும் பாழ்நிலக் கணக்கில்தான் வருகின்றன. புஞ்சைத் தீர்வை இன்று சில ரூபாய்கூட இல்லை. ஆனால் அந்தத் தீர்வைக்காக நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஒரு சொல், இன்று ஜே.சி.பி. எங்கே போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறது. மண் அள்ள வேண்டுமா, தரிசைக் காட்டு. கம்பெனிக்கு இடம் வேண்டுமா, தரிசைக் காட்டு. மரம் நட வேண்டுமா, அதற்கும் தரிசைக் காட்டு.

வேடிக்கையான ஒன்று சொல்கிறேன். கடலுக்குள் இருக்கும் புல்லுக்கு இந்தக் கதி இல்லை. கடற்புல் தரையில்தான் ஆவுளியா என்று நம் மீனவர்கள் சொல்லும் கடல்பசு மேய்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்புல் சேற்றைப் பிடித்து வைக்கிறது, கரிமத்தைச் சேர்த்து வைக்கிறது, மீன்குஞ்சுக்கு இடம் கொடுக்கிறது என்று இன்று எல்லோரும் பேசுகிறோம். நல்லது. அதே வேலையைத் தரையில் செய்யும் புல்லுக்கு மட்டும் தரிசு என்று பெயர்.

கடற்கரைக்காரிக்கு இதில் என்ன?

"நம்ம ஊரு கடற்கரை. உங்களுக்கு எதுக்கு டீச்சர் ஆத்தங்கரைப் புல்லு?" என்று கேட்பவர்கள் உண்டு. சொல்கிறேன்.

கொற்கை ஒரு காலத்தில் பாண்டியருடைய துறைமுகம், முத்துக்குப் பேர் போனது. இன்று கொற்கையில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. கடல் தானாகப் போகவில்லை. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கரையை நகர்த்தியது. கொற்கைக்குப் பிறகு காயல் துறைமுகம் ஆனது, அதுவும் தூர்ந்தது. பிறகுதான் தூத்துக்குடி. ஆற்றுச் சேறு எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்பது இந்தக் கரையில் துறைமுகங்களின் தலையெழுத்தையே மாற்றியிருக்கிறது.

எங்களுக்கு வடக்கே வைப்பாறு கடலில் சேர்கிறது. மேற்கு மலைச் சரிவில் பிறந்து, சாத்தூர், விளாத்திகுளம் வழியாகக் கரிசல் காட்டைக் கடந்து வருகிறது. வருஷத்தில் பல மாதம் வறண்டு கிடக்கும் ஆறு. வந்தால் மொத்தமாக வரும். கரையில் புல் தரை இருந்தால் அந்தக் கலங்கலில் ஒரு பங்கு அங்கே தங்கும். புல்லை வழித்துவிட்டால் மொத்தமும் கடலுக்கு வரும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை, கடற்புல். அதை 1986-இல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் வெளிச்சம் வேண்டும். மேலே சேறு மூடினால் மூச்சு முட்டிவிடும். ஆற்றுத் தண்ணீரும் சத்தும் கடலுக்கு வேண்டியதுதான், இறாலுக்கும் மீனுக்கும் அது நல்லது. அளவோடு வர வேண்டும். அந்த அளவைப் பார்த்து அனுப்பும் வடிகட்டி ஆற்றங்கரைப் புல்.

மறுபக்கம் சொல்பவர்களுக்கும் நியாயம் உண்டு

மரம் நடுவதை நான் எதிர்க்கவில்லை. தெருவில், பள்ளியில், குளக்கரையில், பாழான குவாரியில் தாராளமாக நடுங்கள். உயிரோடு இருக்கும் புல்தரையை வழித்துவிட்டு அங்கே நடாதீர்கள் என்கிறேன். நிழல் விழுந்தால் புல் சாகும். வழித்து எடுத்த மேல்மண்ணில்தான் கரிமத்தில் ஒரு பெரும் பங்கு இருந்தது. மரம் பிழைத்தாலும் அந்தக் கணக்கை ஈடுகட்டப் பல காலம் ஆகும். பிரம்மபுத்திரா படுகையில் இருக்கும் காசிரங்காவைப் பாருங்கள். காண்டாமிருகத்துக்குப் பேர் போன இடம். ஆளுயரப் புல் நிற்கும் வெள்ளச் சமவெளி அது. வருஷ வெள்ளம் வந்து போவதால்தான் அந்தப் புல்வெளி புல்வெளியாக இருக்கிறது. நம் மாவட்டத்திலேயே வல்லநாட்டில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது. திறந்த வெளியும் புல்லும் இல்லாமல் வெளிமான் பிழைக்காது.

வீடில்லாதவர்களுக்கு இடம் வேண்டாமா என்று கேட்பார்கள். நிச்சயம் வேண்டும், நல்ல இடமாகக் கொடுங்கள். வெள்ளம் ஏறும் படுகையில் பட்டா கொடுப்பது ஏழைக்குச் செய்யும் உதவி ஆகாது. 2023 டிசம்பரில் முதலில் மூழ்கியது யார் வீடு என்று நமக்குத் தெரியும்.

சீமைக்கருவேலத்தை ஒழித்தால் போதும், புல் தானாக வரும் என்பார்கள். பாதி உண்மை. ஆற்றுப் படுகையிலும் மேய்ச்சல் தரையிலும் அது கெடுதல்தான், எடுக்க வேண்டும். ஆனால் விளாத்திகுளம் பக்கம் எத்தனையோ குடும்பம் அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுத்தான் சாப்பிடுகிறது. ஒரே நாளில் மிஷினை விட்டுத் தோண்டினால் குடும்பத்துக்கும் பிழைப்புப் போகும், வேரோடு மேல்மண்ணும் போகும். படுகையில் முதலில், பகுதி பகுதியாக, அந்த மக்களையே வேலைக்கு வைத்து எடுக்கலாம். எடுத்த இடத்தில் உடனே புல் பிடிக்க விட வேண்டும்.

இன்னொன்று, மேய்ச்சல் தரையை அதிகமாக மேய்த்து அழித்தது நாமும்தான் என்று ஆடு வளர்ப்பவர்களே சொல்வார்கள். வாஸ்தவம். வேம்பூர் ஆடு என்ற இனமே நம் மாவட்டத்து வேம்பூர் பெயரில் இருக்கிறது. இந்தக் கரிசல் மேய்ச்சலில் உருவான இனம். தரை குறையக் குறைய, இருக்கிற தரையில் மந்தை நெருக்குகிறது. நெருக்கினால் புல் கட்டையாகி, தரை இறுகி, மழைத் தண்ணீர் இறங்காமல் ஓடிவிடும். முன்பு ஊர்க் கட்டுப்பாடு இருந்தது. இந்த மாதம் இந்தப் பக்கம், அறுவடை முடிந்தால் காட்டில் கிடை என்று முறை வைத்திருந்தார்கள். தரையையும் காப்பாற்றி, அந்த முறையையும் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

என் நான்கு வேண்டுகோள்

ஒன்று. உங்கள் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கு எவ்வளவு, ஆற்றுப் புறம்போக்கு எவ்வளவு, புல எண் என்ன என்று "அ" பதிவேட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே திருப்பித் தர வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் பெயரை நினைவில் வையுங்கள்.

இரண்டு. ஆற்றை ஒட்டிய எந்த இடத்தையும் "தரிசு" என்று வேறு வேலைக்குக் கொடுக்கும் முன், ஒரு மீட்டர் குழி வெட்டி மண் ஆய்வு செய்து, அறிக்கையைக் கிராம சபையில் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். 2015 முதல் உழும் நிலத்துக்கு மண்வள அட்டை கொடுக்கிறார்கள். ஊர் மேய்ச்சல் தரைக்கும் ஓர் அட்டை கொடுத்தால் என்ன? பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

மூன்று. பதிவேட்டில் ஒரு புதுப் பெயர் வேண்டும். "வெள்ளப் படுகைப் புல்தரை" என்று எழுதட்டும். கடற்புல்லுக்குப் பெயரும் பாதுகாப்பும் கொடுத்த அரசு இதையும் செய்ய முடியும். நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது இது.

நான்கு. பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளுக்கு. மண்ணின் வகைகள் பாடத்தைப் படம் காட்டி முடித்துவிடாதீர்கள். பாட்டில் சோதனை மேலே சொல்லிவிட்டேன். இன்னொன்று இருக்கிறது. புல் தரையிலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டி, பக்கத்தில் பல வருஷம் உழுத நிலத்திலிருந்து அதே அளவில் ஒரு கட்டி. இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக விடுங்கள். உழுத கட்டி சீக்கிரம் கரைந்து தண்ணீர் கலங்கும். புல் தரைக் கட்டி பெரும்பாலும் நெடுநேரம் உருக்குலையாமல் நிற்கும். வெள்ளம் வந்தால் எந்த நிலம் நிற்கும், எது கரைந்து கடலுக்கு வரும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பதில் அவர்களே சொல்வார்கள்.

போன் செய்த தம்பிக்கு என் பதில் இவ்வளவுதான்: "மரம் நல்லது தம்பி. ஆனா அந்த இடம் காலியா இல்லை. அங்க ஏற்கெனவே ஒருத்தர் பல நூறு வருஷமா வேலை பார்த்துட்டு இருக்கார். அவருக்குச் சம்பளமும் கிடையாது, பட்டாவும் கிடையாது. அவரை எழுப்பிவிட்டுட்டு அந்த இடத்துல வேற யாரையும் உக்கார வைக்காதீங்கன்னு சொல்லு."

ஐப்பசி மழைக்கு முன்னால் உங்கள் ஊர்ப் படுகையை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, புல் இருக்கிறதா, வழித்துவிட்டார்களா என்று கமெண்டில் எழுதுங்கள். விவசாயம் பார்ப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் எழுதினால் எனக்கு ரொம்ப உபயோகமாக இருக்கும். உங்கள் ஊரில் இந்த மண்ணுக்கு வேறு பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள், சேர்த்து வைக்கிறேன். தேவைப்படும் ஊர்க்காரர்களுக்குப் பகிருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
தருவைகுளம்.